கேற்றில் ஒரு செம்மஞ்சள் வட்டம்

இரும்பில் இரும்பு மோதுகிற சத்தத்தில்தான் யதுஷா விழித்தாள். சனிக்கிழமை. வெள்ளவத்தையில் எந்த நாளும் எங்கேயாவது ஒரு பழைய வீட்டை உடைத்துத் தொடர்மாடி கட்டிக்கொண்டிருப்பார்கள். அதுதானாக்கும் என்று தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஆனால் அந்தச் சத்தத்தில் கூலிவேலையின் தாளம் இல்லை. மூச்சு வாங்க வாங்க, ஒரே இடத்தில், விடாமல் விழுந்துகொண்டிருந்தது. தங்கள் வீட்டு வாசல் கேற்றில்தான் விழுகிறது என்று விளங்கியபோது எழுந்து யன்னலுக்கு ஓடினாள்.

கீழே அவளுடைய அப்பா நாகேந்திரம், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காய் உரிக்க வைத்திருந்த சிறிய இரும்பு அலவாங்கால் தன் கேற்றையே அடித்துக்கொண்டிருந்தார்.

காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர். வீட்டில் ஒரு கதவைக்கூட அடித்துச் சாத்தியதில்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அது சிலவேளை கிழமைக்கணக்கில் நீளும். “எனக்குப் பிடிக்கவில்லை” என்ற வசனத்தை யதுஷா அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தால் அம்மாவுக்கு விளங்கும். பேப்பரை மடித்து மேசையில் வைத்தால் இவளுக்கு விளங்கும். அந்த வீட்டில் மறுப்பு என்பது ஒரு சத்தம் நின்றுபோவதுதான். அப்படிப்பட்டவர் இப்போது இந்த ஒழுங்கைத் தெரு முழுவதையும் எழுப்பிக்கொண்டிருந்தார்.

அலவாங்கு ஓங்கி இறங்கும் இடத்தை அவள் பார்த்தாள். கேற்றின் தகட்டில், உள்ளங்கை அகலத்தில், ஒட்டியிருந்தது ஒரு செம்மஞ்சள் வட்டம். அதைச் சுற்றிச் சிவப்புக் கோடுகள். முதலில் நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறார், நகம் கிழிந்து இரத்தம் இழுபட்டிருக்கிறது. வட்டம் கழலவில்லை.

கழலாது. எந்த மழைக்கும் கழலக்கூடாது என்று அச்சகத்துக்குச் சொன்னவள் அவள்தான்.

பம்பலப்பிட்டியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் அவளுக்கு வேலை. நெதர்லாந்துக் கம்பனி ஒன்று குழந்தைகளுக்கான சத்துமாவைக் கொழும்பில் இறக்க நினைத்தது. வீடு வீடாக ஒரு சிறு பைக்கற்றும் ஒரு துண்டுப்பிரசுரமும். பிறகு அந்த வீட்டின் மொழியிலேயே பேசக்கூடிய ஒரு விற்பனையாளர். எந்த வீடு எந்த மொழி என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. அதற்குத்தான் வட்டம்.

“எங்கள் ஊரில் இது சாதாரண விஷயம்,” என்று கம்பனியின் மரெய்கெ கணினித் திரையில் சிரித்தபடி சொல்லியிருந்தாள். அங்கே தபால்பெட்டியில் வீட்டுக்காரரே ஒட்டி வைப்பார்களாம், விளம்பரத்தாள் வேண்டும், வேண்டாம் என்று. “அது ஒரு மரியாதை. உன் விருப்பம் எனக்குத் தெரியும் என்று சொல்வது மாதிரி.”

யதுஷாவுக்கு அது நெஞ்சுக்குள் இறங்கியது. அம்மா பாலேஸ்வரிக்கு வருகிற கடிதமெல்லாம் சிங்களத்தில் வரும். ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு அப்பாவிடமோ இவளிடமோ வந்து நிற்பாள். ஒருமுறையாவது அந்தக் கேற்றுக்குத் தமிழ் தேடி வரட்டும். நிறத்தையும் யதுஷாவே தெரிந்தெடுத்தாள். தேசியக்கொடியில் தமிழருக்கென்று இருக்கிற செம்மஞ்சள் தமிழ் வீட்டுக்கு. கருஞ்சிவப்பு சிங்கள வீட்டுக்கு. கலாசாரத்தை எவ்வளவு நுட்பமாக யோசித்திருக்கிறாய் என்று மரெய்கெ கை தட்டினாள்.

“யாருக்காவது இதில் பிரச்சினை தெரிகிறதா?” என்றும் கேட்டாள். ஒரு தடவையல்ல, திரும்பத் திரும்ப.

யதுஷாவின் மேலாளர் சாரங்கன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், இதே வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவர். நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “பார்ப்போம்,” என்றார். அவர் முகத்தில் ஏதோ இருந்ததை யதுஷா கண்டாள். வீட்டில் அப்பா பேப்பரை மடிக்கும்போது இருக்கிற அது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மரெய்கெ அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

இப்போது ஒழுங்கை முழுவதும் ஆட்கள். தமிழ் வீடுகள் ஒவ்வொன்றிலும் செம்மஞ்சள். தமிழ் பேசுகிற வீடு என்பதால் துணிக்கடை ஹமீட் ஹாஜியாரின் கேற்றிலும் செம்மஞ்சள். எதிர்வீட்டு அமரசேகரவின் கேற்றில் மட்டும் கருஞ்சிவப்பு. அந்தக் கிழவர் தண்ணீர் வாளியோடு வந்து தன் வட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலமும் இல்லாதபடி ஒருவரும் அவரோடு பேசவில்லை. அவரும் யாரையும் பார்க்கவில்லை.

யதுஷா படியிறங்கினாள். கீழே அம்மா குனிந்தபடி ஒரு துணிப்பையில் அடையாள அட்டைகளையும் பாஸ்போட்டுகளையும் நகைப்பெட்டியையும் திணித்துக்கொண்டிருந்தாள். அவள் கைகள் ஒரு பிழையும் இல்லாமல் வேலை செய்தன. எது எங்கே இருக்கிறதென்று இத்தனை வருடமும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தவள் மாதிரி.

“செருப்பைப் போடு. எங்கயாவது ஓடவேண்டி வந்தாலும் வரும்.”

“அம்மா, அது ஒண்டும் இல்லையம்மா. அது ஒரு விளம்பரம்.”

“எங்கட வீட்டுக்கு ஒரு நிறம், அவையின்ர வீட்டுக்கு ஒரு நிறம். என்ன விளம்பரம்?” பாலேஸ்வரி நிமிராமலே கேட்டாள். “வெளியில போகாத.”

வெளியே ஒருவன் கத்தினான். “அந்தா! அந்தா வாறான், பிடியுங்கோ!”

காலி வீதி முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பியிருந்தது. தோளில் செம்மஞ்சள் பை. நேற்றிரவு ஒட்டாமல் விட்ட வீடுகளை முடிக்க வந்தவன். கிளின்ரன். யதுஷாவுக்கு அவனைத் தெரியும். ஆட்களுக்கு வேலை விளக்கிய அன்று, எந்த வீடு எந்த மொழி என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று அவள் கேட்டதற்கு, “டீவீல என்ன நாடகம் ஓடுதுன்னு கேட்டாப் போதும் மிஸ்,” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவன். கொட்டாஞ்சேனைத் தமிழன்.

சுகிர்தன்தான் முதலில் போய்ச் சேர்ந்தான். மூன்று வீடு தள்ளி இருப்பவன். உடற்பயிற்சி நிலையம் நடத்துகிறான். ஓடுகிற மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் உதைத்தான். அது சறுக்கி அமரசேகரவின் மதிலில் மோதியது. கிளின்ரன் பையோடு விழுந்தான். தலைக்கவசம் உருண்டது. எழும்புவதற்குள் ஐந்தாறு பேர் அவனைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் பையைப் பறித்துக் கவிழ்த்தான். செம்மஞ்சள் வட்டங்களும் கருஞ்சிவப்பு வட்டங்களும் தார் முழுக்கச் சிதறின.

பெரியவர்கள் அந்த வட்டங்களைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதிதான் இளையவர்களைப் பயமுறுத்தியது என்று யதுஷா பிற்பாடு நினைத்தாள். பயந்தவர்கள் அடிக்கத் தொடங்கினார்கள்.

நாகேந்திரம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கையில் அலவாங்கு. குரல் அவருடையது மாதிரி இல்லை.

“கவுத உம்ப? கவுத எவ்வே?”

நீ யார், உன்னை அனுப்பினது யார். சிங்களத்தில் கேட்டார். வீட்டை அடையாளம் போட வருகிறவன் வேறு எந்த மொழிக்காரனாக இருப்பான் என்று அவர் யோசிக்கவே இல்லை. கீழே கிடந்த கிளின்ரனும் யோசிக்கவில்லை. கொழும்பில் ஒருவன் உன் சட்டையைப் பிடித்து உலுக்கினால், அவனுக்குச் சிங்களத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சோதனைச்சாவடியில், பஸ்ஸில், பொலிசில், பயம் வரும்போது நாக்கு தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

“மம வெட கரன கெனெக் மஹத்தயா,” என்று கிளின்ரன் கும்பிட்டான். நான் வேலைக்காரன் ஐயா. “கஹன்ன எப்பா மஹத்தயா.” அடிக்க வேண்டாம் ஐயா.

அது போதுமாக இருந்தது. “சிங்களவன்தான்!” என்று யாரோ கத்தினார்கள். சுகிர்தனின் சப்பாத்துக் கால் அவன் விலாவில் இறங்கியது. ஒரு தரம், இன்னொரு தரம். கிளின்ரன் சுருண்டு முகத்தை மூடினான். ஒருவன் தலைக்கவசத்தை எடுத்து அதாலேயே அவன் முதுகில் அடித்தான். இன்னொருவன் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்தான். ஹமீட் ஹாஜியார், “பொலிசுக்குச் சொல்லுங்க, பொலிசுக்குச் சொல்லுங்க,” என்று சொல்லிக்கொண்டே நின்றார். யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

யதுஷா வெறுங்காலோடு கூட்டத்துக்குள் நுழைந்தாள். “விடுங்கோ! அவர் தமிழ்!” என்று கத்தியதாகத்தான் அவளுக்கு நினைவு. ஆனால் அந்தச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

விரல்களுக்கிடையால் கிளின்ரன் அவளைக் கண்டான். அவன் முகம் ஒரு கணம் தெளிந்தது.

“மிஸ்! சொல்லுங்க மிஸ்! நீங்க சொல்லுங்க!”

தமிழ். எல்லோரும் ஒருகணம் நின்றார்கள். சுகிர்தன் காறித் துப்பினான்.

“தமிழும் தெரியுமாம்டா. படிச்சிட்டுத்தான் வந்திருக்கிறான்.” குனிந்து கிளின்ரனின் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினான். “ஆரைப் பார்த்துடா மிஸ் எண்டுறாய்?”

கிளின்ரனின் கண் போன பக்கம் எல்லோருடைய கண்ணும் போனது. யதுஷாவைச் சுற்றி இடம் விலகியது. அப்பா திரும்பிப் பார்த்தார்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம். அது அவளுடைய தொண்டையில் ஆயத்தமாக இருந்தது. ஆனால் அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்களில் கேள்வி இருக்கவில்லை, ஒரு கெஞ்சல் இருந்தது. நீ இல்லை என்று சொல் என்பது போல. வாழ்நாள் முழுவதும் அந்தக் கண்களைப் பார்த்து வாயை மூடப் பழகியவள் அவள். ஒரு மூச்சு எடுத்து விடுகிற நேரம். அவ்வளவுதான். அவள் வாய் திறக்கவில்லை.

“மிஸ்...” என்று கிளின்ரன் வலது கையை நிலத்தில் ஊன்றி அவள் பக்கமாக நகர்ந்தான். அந்தக் கையின் கீழே செம்மஞ்சள் வட்டங்கள் கசங்கின.

நாகேந்திரம் அலவாங்கை ஓங்கி அந்தக் கையின் மேல் இறக்கினார்.

அந்தச் சத்தம் கேற்றில் விழுந்த சத்தம் போல் இருக்கவில்லை. ஈரமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் யதுஷாவின் வாய் திறந்தது. “நான்தான்! நான்தான் அனுப்பினனான்! ஒட்டச் சொன்னது நான்!” கத்தியபடி கிளின்ரனின் மேல் விழுந்தாள். அலவாங்கு மறுபடி மேலே போய்விட்டிருந்தது. ஓங்கினவரால் அதை முழுதாக நிறுத்த முடியவில்லை. அது அவள் தோளில் விழுந்தது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. அப்பாவின் வாயிலிருந்து ஒரு மிருகத்தின் சத்தம் வந்தது.

கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று நீளமாகக் கூவிக்கொண்டு போனது.

“உங்கட பிள்ளையே எங்களைக் காட்டிக் குடுத்திருக்கு,” என்றான் சுகிர்தன். “எவ்வளவு தந்தவங்கள்? கேளுங்கோவன் அங்கிள். எங்கட வீடுகளைக் காட்டிக் குடுக்க இவளுக்கு எவ்வளவு தந்தவங்களெண்டு கேளுங்கோவன்!” அவள் பின்னலைப் பிடித்து இழுத்தான். அவள் தலை பின்னால் போனது. முழங்கால் தாரில் உரசியது. அவள் கையில் கிளின்ரனின் இரத்தம். அதைக் கிளின்ரனின் சட்டையிலேயே துடைத்தாள், ஏன் என்று தெரியாமல்.

நாகேந்திரம் சுகிர்தனின் காலில் அடித்தார். முழங்காலுக்குக் கீழே, எலும்பில். அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். வீடியோ எடுத்தவன் நாகேந்திரத்தின் முதுகில் உதைத்தான். அவர் முன்னால் விழுந்து, எழுந்து, அந்த அலவாங்கைச் சுற்றி வீசினார். ஆட்கள் பின்வாங்கினார்கள். மகளுக்கும் அந்த அறிமுகமில்லாத மனிதனுக்கும் முன்னால், சாரம் அவிழ்ந்து தொங்க, யாரையும் நெருங்க விடாமல் நின்றார். சற்று முன்னர் தான் யாரை அடித்தார் என்பது அவருக்கு நினைவிருந்ததோ தெரியவில்லை.

ஹமீட் ஹாஜியார்தான் பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்தார். “போதும் நாகேந்திரம். அல்லாவுக்காக. போதும். மனிசன் செத்துப் போவான்.” அலவாங்கைப் பிடுங்கித் தன் வீட்டு மதிலுக்கு உள்ளே எறிந்தார். பிறகு தன் கடை வானின் திறப்பை எடுத்துக்கொண்டு வந்து வண்டியைத் திறந்தார்.

வானின் பின் இருக்கையை மடித்துக் கிளின்ரனைக் கிடத்தினார்கள். நாகேந்திரம் யாரும் கேட்காமலே ஏறி, அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நசுங்கிய கையைத் தன் சாரத்தால் சுற்றினார். யதுஷா எதிரே, தோளைப் பிடித்தபடி. காலி வீதியில் சனிக்கிழமை நெரிசல். ஹாஜியார் ஹோனை அமுக்கிக்கொண்டே ஓட்டினார்.

ஒரு சிவப்பு விளக்கில் வான் நின்றது.

“தம்பி எந்த இடம்?” என்று நாகேந்திரம் கேட்டார்.

“கொட்டாஞ்சேன.” உதடு வீங்கியிருந்தது.

“ஏன் நீர் சிங்களத்தில கதைச்சனீர்?”

கிளின்ரன் அவரை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

“நீங்கதானேய்யா சிங்களத்துல கேட்டீங்க.”

நாகேந்திரம் சாரத்துணியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார். வான் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கிளின்ரன் முனகினான். பிறகு, தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று விளக்குகிறவன் மாதிரி, யதுஷாவிடம் சொன்னான். “மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் ஒட்டினேன் மிஸ். அம்மா வடிவா இருக்குன்னு சொன்னாங்க.”

“கதைக்காதேங்கோ கிளின்ரன்.”

“இன்னைக்கி அங்க மத்தப் பொடியன்மார் ஒட்டுறாங்க மிஸ். கொட்டாஞ்சேன முழுக்க.” கண் பாதி மூடியது. “அவங்களுக்குச் சொல்லுங்க.”

அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். பேசத் தொடங்கியபோது அவர் யாரிடம் பேசுகிறார் என்று தெரியவில்லை.

“எண்பத்திமூண்டில எங்கட கேற்றில சோக்குக்கட்டியால ஒரு கோடு. தெஹிவளையில, நானும் அண்ணாவும் வாடகைக்கு இருந்த வீடு. அண்ணா வாளியில தண்ணி எடுத்தவர், கழுவுவம் எண்டு. நான்தான் சொன்னனான், உது ஆரோ சின்னப்பிள்ளையள் கீறினது, விடுங்கோ எண்டு. வேலைக்கு நேரம் போகுது எண்டு.” எச்சில் விழுங்கினார். “நான் வேலைக்குப் போட்டன். அண்ணாவுக்கு அண்டைக்குக் காய்ச்சல்.”

பெரியப்பா ஒருவர் இருந்தார், பிரச்சினையில் செத்துப்போனார் என்பது மட்டும் யதுஷாவுக்குத் தெரியும். அந்த வீட்டில், கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த அந்த வருடத்துக்கு இருந்த பெயர் “பிரச்சினை”. அதற்கு மேல் ஒரு சொல்லும் யாரும் சொன்னதில்லை. அவளைப் பயமில்லாமல் வளர்க்க வேண்டும் என்று நினைத்தார்கள். பயமில்லாமல் வளர்ந்த பிள்ளை, கேற்றுகளுக்கு நிறம் தெரிந்தெடுத்தது.

“ஏனப்பா இதை எனக்கு ஒரு நாளும் சொல்லேல்ல?”

அவர் கிளின்ரனின் நெற்றியில் இருந்த தூசியைத் துடைத்தார்.

ஆஸ்பத்திரியில் கிளின்ரனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். யதுஷாவின் தோளை ஒரு தாதி துணியால் கட்டிவிட்டாள். விராந்தைக்கு வந்து, இடது கையால் சாரங்கனுக்கு அழைத்தாள்.

“வீடியோ எனக்கும் வந்திட்டுது,” என்றார் அவர் எடுத்த எடுப்பில். “நீர் ஓகேயா? இஞ்ச கேளும் யதுஷா. க்ளையன்டுக்கு இப்ப ஒண்டும் சொல்ல வேண்டாம். மழை எண்டு சொல்லி வெள்ளவத்தை வேலையைக் கொஞ்சம் இழுப்பம்.”

“கொட்டாஞ்சேனையில இப்பவும் ஒட்டிக்கொண்டிருக்கினம் சேர்.”

“அவங்களைத் திருப்பிக் கூப்பிட்டா ஏனெண்டு கேப்பாங்கள். என்னத்தைச் சொல்லுறது?”

“சேர், அண்டைக்கு மீற்றிங்கில உங்களுக்குத் தெரியும்தானே. உங்கட முகத்தில நான் பார்த்தனான்.”

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது.

“நான் ஓமெண்டு சொல்லேல்லையே,” என்றார் கடைசியில். “பார்ப்பம் எண்டுதானே சொன்னனான். அதுக்கு என்ன கருத்தெண்டு உமக்கு விளங்கேல்லையா?”

“எனக்கு விளங்கினது சேர். மரெய்கெக்கு எப்பிடி விளங்கும்?”

அவள் அழைப்பைத் துண்டித்தாள். நெதர்லாந்தில் இன்னும் சரியாக விடிந்திருக்காது. வாடிக்கையாளரை மேலாளர் இல்லாமல் அழைப்பது வேலையை விட்டுப் போவதற்குச் சமம். அதைப் பற்றி யோசிக்க மனதில் இடம் இருக்கவில்லை. மரெய்கெ நித்திரைக் குரலில் எடுத்தாள்.

யதுஷா ஆங்கிலத்தில் மன்னிப்போடு தொடங்கினாள். ஒரு சிறிய சிக்கல், சில குடியிருப்பாளர்களுக்குக் கொஞ்சம் அசௌகரியம், என்று அந்த வேலையில் பழகிய சொற்கள் தாமாகவே வரிசையில் வந்தன. பாதியில் நிறுத்தினாள்.

“இல்லை,” என்றாள். “உங்கள் ஆளை என் அப்பா அடித்துவிட்டார். கையை உடைத்துவிட்டார். அவன் இனிப் பிழைப்பானா தெரியாது. இந்த நாட்டில் வீடுகளைக் குறித்து வைத்துவிட்டுத்தான் மனிதர்களைக் கொன்றிருக்கிறார்கள். இதைச் செய்ய முடியாது. எந்த நிறத்திலும் செய்ய முடியாது. இப்போதே நிறுத்துங்கள்.”

“சரி,” என்றாள் மரெய்கெ.

யதுஷா காத்திருந்தாள்.

“நிறுத்தியாயிற்று. ஒட்டும் வேலை எடுத்த கம்பனிக்கு இந்த நிமிடமே எழுதுகிறேன். ஒட்டினதெல்லாம் இன்று மாலைக்குள் கழற்றப்படும். செலவு எங்களுடையது. அந்த மனிதனின் பெயர் என்ன?” பிறகு, குரல் உடைந்து, “நான் கேட்டேனே யதுஷா. திரும்பத் திரும்பக் கேட்டேனே. ஏன் ஒருத்தரும் இல்லை என்று சொல்லவில்லை?”

யதுஷா கிளின்ரனின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

வாங்கில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். அவர் சாரத்தைக் கிளின்ரனோடு விட்டுவிட்டு ஹாஜியாரின் வானில் கிடந்த ஒரு துணியைச் சுற்றியிருந்தார். கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தார்.

“என்னவாம்?”

“நிப்பாட்டிட்டினம்.”

“உடனயோ?”

“உடன. வேண்டாமெண்டு சொன்னன். சரியெண்டா.”

அவர் தலையசைத்தார். அசைத்துக்கொண்டே இருந்தார். ஒரு சொல்லில் நிற்கக்கூடிய காரியம் என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

மருத்துவர் வெளியே வந்து சொன்னார். உயிருக்கு ஆபத்தில்லை. விலா எலும்புகள் ஒட்டிவிடும். வலது கையில் மூன்று விரலை எடுக்க வேண்டி வரும். மிச்சத்தைப் பற்றி இப்போது சொல்ல முடியாது. நாகேந்திரம் எழுந்து நின்று அதைக் கேட்டார். உட்காரவில்லை.

பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். இளம் வயது, வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. வீடியோவை அவரும் பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம். வாங்குகளில் இருந்தவர்களைப் பொதுவாகப் பார்த்து, அலுப்போடு கேட்டார்.

“கவுத கெஹுவே?”

ஹமீட் ஹாஜியார் நிலத்தைப் பார்த்தார். அடித்தது யார் என்று சொல்வது அவர் வேலையில்லை; கூட்டத்தில் எத்தனையோ பேர் அடித்தார்கள். இப்படியே இருந்தால் இது யாருடைய பெயரும் இல்லாமல் போய்விடும். யதுஷாவுக்கு அது தெரிந்தது. அப்பாவுக்கும் தெரியும்.

“நான்தான் அடிச்சனான்,” என்றார் நாகேந்திரம். நாற்பது வருடம் சிங்களத்தில் அலுவலக வேலை பார்த்தவர், தமிழில் சொன்னார். “அந்தப் பிள்ளையின்ர கையை உடைச்சது நான். அவர் ஒரு குற்றமும் செய்யேல்ல. கும்பிட்டவர். கும்பிட்டதுக்குப் பிறகும் அடிச்சனான்.”

பொலிஸ்காரருக்கு விளங்கவில்லை. ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் நிமிரவில்லை. பிறகு யதுஷாவைப் பார்த்தார்.

“மொகத்த மே கியன்னே, நங்கி?”

இவர் என்ன சொல்கிறார், தங்கச்சி. அப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகச் சுவரைப் பார்த்தபடி, தோள்களை நிமிர்த்தி, காத்திருந்தார்.

யதுஷா எழுந்தாள். அப்பா சொன்னதை ஒரு சொல்லும் விடாமல், ஒன்றையும் மென்மையாக்காமல், சிங்களத்தில் சொன்னாள். பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். தன்னுடைய பங்கையும் சொல்லத் தொடங்கினாள்.